மூன்றாவது இடம்

பாலத்திலிருந்து சாலை இறங்கும் இடத்தில், தண்ணீர்க் கோப்பைகள் அடுக்கிய நீள மேசைக்குப் பக்கத்தில், மடக்கு நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். வெயில் படாமல் அண்ணி குடை பிடித்திருந்தாள். தம்பி ஓடி வருவதைக் கண்டதும் அவர் குடைக்கு வெளியே கழுத்தை நீட்டி, ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"டேய், எவ்வளவு தூரம்டா செகண்ட் கியர்லயே வருவ? எஞ்சின் சூடாயிடும். மாத்துடா!"

முன்னாலும் பின்னாலும் ஓடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிக்கப் போய் மூச்சு தப்பி, விலாவில் சுருக்கென்று குத்தியது. அண்ணன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த எத்தனையோ பேரை இதே குரலில் திட்டியிருக்கிறார். திட்டு வாங்கியவர்கள் பின்னாளில் சாலையில் அவரைப் பார்த்தால் வண்டியை ஓரம்கட்டி இறங்கி வணக்கம் சொல்வார்கள். இப்போது அவர் ஸ்டியரிங் பிடிப்பதில்லை. தலை சுற்றுகிறது. ஆனால் குரல் மட்டும் பழைய குரலாகவே இருந்தது, ஒரு துளி குறையவில்லை. அந்தக் குரலை மட்டும் கேட்கிறவர்கள் அவரை நோயாளி என்று நம்ப மாட்டார்கள். முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தொங்கின. செருப்பின் வார் பாதத்தில் பதிந்து, சதை இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது.

அவன் மேசையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, பாதி குடித்து, மீதியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். காலிக் கோப்பையைக் கூடையைப் பார்த்து வீசினான். அது கூடையில் விழவில்லை. அண்ணனின் காலடியில் போய் உருண்டது.

"குறி தப்பிடுச்சு. ஓடறதையாவது ஒழுங்கா ஓடு. மரச்சாமான் கடைகிட்ட பாக்கறேன்," என்றார் அண்ணன்.

மூன்று இடங்களில் நின்று பார்ப்பதாக ஏற்பாடு. எல்லாம் அண்ணன் போட்ட திட்டம்தான். ஓட்டத்துக்காகப் பெரிய சாலைகளை அடைத்திருந்தாலும், எந்தச் சந்தில் நுழைந்தால் எந்த முனையில் வெளியே வரலாம் என்று அவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும். முதலில் பெட்ரோல் பங்க் திருப்பம், அடுத்து பாலம், கடைசியில் மரச்சாமான் கடை. அதற்கப்புறம் மைதானத்துக்குப் போய், எல்லைக்கோட்டைத் தாண்டும்போது போட்டோ எடுக்க வேண்டும். கார் ஓட்ட அண்ணி, வழி சொல்ல அண்ணன். அண்ணிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான் என்பதால் அந்தக் காருக்குள் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று அவனால் ஊகிக்க முடிந்தது.

ஓட்டக்காரனாக வேண்டும் என்று அவன் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கட்டடங்களின் தொண்டைக்குள் தொங்கிக்கொண்டு, கிரீஸ் நாற்றத்தில், தலைவிளக்கின் வட்ட வெளிச்சத்தில் வேலை செய்கிறவன். இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு இடுக்கு வழியாகப் பேசுவதும் அவன் வேலையில் சேர்ந்தது. 'பயப்படாதீங்க, வந்துட்டேன், கதவத் தள்ளாதீங்க, காத்து வரும்.' உள்ளேயிருப்பவர்கள் அழுவார்கள், கத்துவார்கள், சிலர் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். வெளியிலிருப்பவனுக்கு அதெல்லாம் உறைப்பதில்லை. அவன் கையில் சாவி இருக்கிறது அல்லவா.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று தெரிந்தபோது அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். ஏதோ லிஃப்டுக்கு உதிரிப்பாகம் மாற்றுகிற மாதிரி, எந்த நாள் தோது என்றுகூடக் கேட்டான். டாக்டர் சிரித்துவிட்டு, ஒவ்வொரு பரிசோதனையாக எழுதினார். எல்லாவற்றிலும் தேறினான். இதயம் நன்று, சர்க்கரை இல்லை, அழுத்தம் சரி. கடைசிப் பரிசோதனையில் கவிழ்ந்தது. இரண்டு பேருடைய ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். சேரவில்லை. இவன் உறுப்பை உள்ளே வைத்தால் அவர் ரத்தம் அதை எதிரியாகத்தான் பார்க்கும், பிய்த்துப் போட்டுவிடும் என்றார் டாக்டர். வேறு யாராவது கிடைக்கும்வரை காத்திருங்கள் என்றார். அறையைவிட்டு வெளியே வந்ததும் அண்ணன் அவன் தோளில் தட்டினார்.

"சின்ன வயசுல நீ என் சைக்கிள எடுத்துட்டுப் போய் சுவத்துல மோதினியே, என் ரத்தம் அத இன்னும் மறக்கல போலடா."

அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது தன் உடம்பைப் பார்த்தான். ஒரு குறையும் இல்லாத உடம்பு. யாருக்கும் பிரயோஜனப்படாத ஆரோக்கியம்.

டயாலிசிஸ் மையத்தின் நர்ஸ்தான் ஓட்டப் பேச்சை எடுத்தாள். மையத்துக்கு இன்னும் இயந்திரங்கள் வேண்டும், நன்கொடை திரட்ட மாரத்தான் ஓடுகிறோம், நோயாளிகளின் வீட்டு ஆட்கள் யாராவது சேர்கிறீர்களா என்று கேட்டாள். சிறுநீரகத்தைத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார்கள், கால்களையாவது கேட்கிறார்களே என்று பெயரைக் கொடுத்துவிட்டான். முழு மாரத்தானுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அதற்கு முன்னால் ஒரு அரை மாரத்தான் ஓடிப் பார்த்துவிட வேண்டும், பாதி ஓட முடியாதவன் முழுசு எப்படி ஓடுவான் என்று நர்ஸ் சொன்னதால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை. அண்ணனுக்கு இதில் பெருமை பிடிபடவில்லை. டயாலிசிஸ் படுக்கையில் பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அண்ணிதான் ஒரே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"நீங்க ஓடினா இவருக்கு ஒண்ணுக்கு வருமா தம்பி?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே ஓடினான். நினைத்தால் கால் வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. சாலையின் ஒரு பக்கம் வங்கிகள், செருப்புக் கடைகள், ஷட்டர் போட்ட கண்ணாடி முகப்புகள். மறுபக்கம் நடைபாதையில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி எல்லோரையும் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தாள். தார் சூடேறி ஷூவின் அடிப்பாகம் ஒட்டி ஒட்டி விட்டது. தொடையின் உள்பக்கம் உரசி எரிந்தது. மரச்சாமான் கடை வரட்டும், அண்ணன் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார், அந்தச் சிரிப்பிலேயே மிச்சத்தைத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

மரச்சாமான் கடை வந்தது. ஷட்டரில் பெரிய சோபா படம் வரைந்திருந்தது. அதற்கு முன்னால் யாருமில்லை.

ஓட்டத்தைத் தளர்த்தி எதிர்ப்பக்கம் பார்த்தான். கொஞ்சம் தள்ளிப் பார்த்தான். குடை இல்லை, நாற்காலி இல்லை. வழியில் சுணங்கியிருப்பார்கள், அண்ணி ஏதாவது சந்தைத் தவற விட்டிருப்பாள், அண்ணன் திட்டிக்கொண்டிருப்பார் என்று மனசைத் தேற்றினான். ஆனால் வழி தவறுகிற ஆளா அண்ணன்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சந்து சந்தாகச் சொல்வாரே.

அங்கே மஞ்சள் சட்டை போட்ட தன்னார்வலர் ஒருவர் நின்றிருந்தார். அவரிடம் போனைக் கேட்டு வாங்கினான். வாங்கிய பிறகுதான் உறைத்தது, அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இரண்டே எண்கள். ஒன்று அண்ணனுடையது. இன்னொன்று அவனுடையதே. ஓடும்போது பாரம் வேண்டாம் என்று தன் போனை அண்ணி கையில் கொடுத்திருந்தான். அண்ணன் எண்ணுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. தன் எண்ணுக்கே அடித்தான். அதுவும் போனது. எங்கேயோ, யார் மடியிலோ, தன் போன் தன்னையே கூப்பிட்டு அலறிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு? ஏன் நின்னுட்டீங்க?"

நர்ஸ் பின்னாலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். அவள் வேகமாக ஓடுகிறவள் இல்லை. ஆனால் தொடங்கிய சீரிலேயே முடிக்கிறவள். கைப்பட்டையில் போன் கட்டியிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டதும் மறுபேச்சு பேசாமல் அண்ணியின் எண்ணை எடுத்து அடித்து, ஒலிபெருக்கியில் போட்டாள். இந்தத் தடவை எடுத்தார்கள்.

"சிஸ்டர், இவருக்கு மூச்சு வாங்குது." அண்ணியின் குரலுக்குப் பின்னால் கார் ஹாரன் கேட்டது. "பாலத்துலேர்ந்து கிளம்பினப்பவே ஒரு மாதிரி இருந்தாரு. இப்ப சாய்ஞ்சுகூட உக்கார முடியல. மையத்துக்குத்தான் திருப்பினேன், மைதானத்துக்குப் பின்னாடி தபாலாபீஸ் சந்துல நிக்கறோம். ரோட்டத் தாண்ட விடமாட்டேங்கறாங்க. கெஞ்சிப் பாத்துட்டேன்."

"படுக்க வைக்காதீங்க. நிமித்தி உக்கார வைங்க, கால தொங்க விடட்டும். ஜன்னலெல்லாம் இறக்கி விடுங்க. காலைலேர்ந்து என்ன குடிச்சாரு?"

"நான் குடுத்தது அரை டம்ளர்தான் சிஸ்டர்."

நர்ஸ் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். மைதானத்து மருத்துவக் கூடாரத்துக்கு அடித்து இடத்தைச் சொல்லி, ஸ்ட்ரெச்சரோடு நடந்தே போகும்படி சொன்னாள். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தது, இனி நாளைக்குத்தான், இதுதான் நீண்ட இடைவெளி என்று அவள் எதிர்முனையில் சொல்வதை அவன் பக்கத்தில் நின்று கேட்டான். சொல்லும்போதே அவள் குரல் மாறியிருந்தது. நோயாளியின் கட்டிலருகில் பேசுகிற குரல் அது.

"எனக்கு ஒரு பைக் கிடைக்குமா?" என்று தன்னார்வலரிடம் கேட்டான்.

"எந்த வண்டியும் உள்ள வர முடியாது சார். சுத்திப் போற வழியெல்லாமே அடைச்சிருக்கு." அந்த மனிதர் கையைப் பிசைந்தார். "நீங்க ஓடிப் போறதுதான் சீக்கிரம்."

ஆக, ஓடத்தான் வேண்டும். அண்ணனின் கார் அந்தப் பக்கம் போக முடியாமல் நிற்பதற்குக் காரணமான அதே ஓட்டத்தை, மற்ற ஆயிரம் பேரோடு சேர்ந்து அவனும் ஓட வேண்டும். அவன் பாய்ந்தான். பின்னாலிருந்து நர்ஸ் கத்தினாள். "வேகம் வேண்டாம்! நீங்களும் விழுந்துட்டா நான் யாரப் பாக்கறது?" அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. முன்னால் ஓடியவர்களை இடித்துக்கொண்டு, விலக்கிக்கொண்டு ஓடினான். மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து பழகிய கால்கள் அல்லவா, இந்த ஒரு நேரத்துக்காவது உதவட்டும் என்றிருந்தது. இருதயம் காதுக்குள் வந்து அடித்தது. இரண்டு தெருவிளக்குக் கம்பங்கள்கூடக் கடந்திருக்க மாட்டான், வலது கெண்டைக்காலை யாரோ உள்ளிருந்து முறுக்கிப் பிழிந்தார்கள். அப்படியே சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

சதை கல்லாக இறுகி, ஒரு பக்கமாக உருண்டு நின்றது. கால் ஊன்ற வரவில்லை. ஒற்றைக் காலில் நொண்டிப் பார்த்தான். உயிர் போயிற்று. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டம் அவனைப் பார்த்துவிட்டு உற்சாகமாகக் குரல் கொடுத்தது. "விடாதீங்க! இன்னும் கொஞ்சம்தான்! முடியும் உங்களால!" அவர்கள் நல்ல மனசோடுதான் கத்தினார்கள். அவர்களில் யாரையாவது கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

நர்ஸ் அதே சீரான ஓட்டத்தில் வந்து சேர்ந்தாள். தரையில் மண்டியிட்டு அவன் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்து, விரல்களை மேல்நோக்கி வளைத்து அழுத்தினாள்.

"நீங்க போங்க சிஸ்டர்," என்றான். "நான் வந்து என்ன பண்ணப் போறேன். நீங்க போனாத்தான் பிரயோஜனம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "மெதுவா நடங்க, உடனே ஓடாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள். அவள் முதுகு கூட்டத்தில் கரைந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை முதுகில் மையத்தின் பெயர் வியர்வையில் நனைந்து கறுத்திருந்தது. அவன் முதுகிலும் அதே பெயர்தான்.

மீதித் தூரத்தை அவன் நொண்டியபடி, நடந்தபடி, சதை விட்டுக்கொடுத்தபோது கொஞ்சம் ஓடியபடி கடந்தான். தாத்தா வயதுள்ள ஒருவர் அவனைத் தாண்டிப் போனார். ஒரே உடைபோட்ட கல்லூரிப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே தாண்டிப் போனார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, கதவை அறைந்து அறைந்து கை வீங்கிப்போனவர்களை அவன் பார்த்திருக்கிறான். எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறார்கள், சும்மா உட்கார்ந்திருந்தால் திறந்துவிட மாட்டோமா என்று நினைத்ததுண்டு.

எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஒரு பெண் சிரித்தபடி அவன் கழுத்தில் பதக்கத்தை மாட்டினாள். இன்னொருத்தர் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்தார். இரண்டையும் சுமந்துகொண்டு கூடாரத்தைத் தேடினான்.

அண்ணன் இரும்புக் கட்டிலின் விளிம்பில், கால்களைத் தொங்கவிட்டு, இரண்டு கைகளாலும் கட்டிலைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்கியது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். நர்ஸ் அவர் முதுகைத் தாங்கி நின்றிருந்தாள். அண்ணி கட்டிலுக்கு அந்தப் பக்கம், கையில் மடக்கிய குடையோடு நின்றாள். அழுத மாதிரித் தெரியவில்லை.

"ஆம்புலன்ஸ் வந்துட்டே இருக்கு. மையத்துல மெஷின் தயார் பண்ணச் சொல்லிட்டேன்," என்றாள் நர்ஸ்.

அவன் போய் அண்ணனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். கெண்டைக்கால் மறுபடி இழுத்தது. அண்ணன் பதக்கத்தைப் பார்த்தார். ஒரு கையை எடுத்து, நர்ஸ் தடுப்பதற்குள் முகமூடியைக் கீழே இறக்கினார்.

"தண்ணி குடிச்சேன்டா."

"பேசாதீங்கண்ணே."

"மேசை நெறைய. எல்லாரும் ஒரு வாய் குடிக்கறான், மிச்சத்தத் தலைல ஊத்தறான், தூக்கிப் போடறான்." மூச்சு வாங்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "இவ உன்னப் பாக்கறதுக்கு எட்டி எட்டிப் போனா. அப்பெல்லாம் ஒண்ணு ஒண்ணா எடுத்துக் குடிச்சேன். பங்க்கிட்டயும். பாலத்துலயும். யாரும் கேக்கல. நானும் ஓட வந்தவன்னு நெனச்சிட்டாங்க போல."

திட்டலாம் என்றால் திட்டுவதற்கு வாய் வரவில்லை. குடிப்பது வெளியேற வழியில்லாமல் நெஞ்சில் தேங்கும் என்பதால், எத்தனை காலமாக அந்த மனிதர் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, நாக்கை நனைத்து நனைத்து நாளை ஓட்டியிருக்கிறார்!

"நல்லா இருந்துச்சுடா," என்றார் அண்ணன். "வயிறு நெறைய. அவ்வளவு நல்லா இருந்துச்சு."

நர்ஸ் முகமூடியை எடுத்து மாட்டிவிட்டாள். அண்ணி குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, வேறு ஏதாவதா, அவனுக்குப் பிடிபடவில்லை. தான் மட்டும் கையில் முழு பாட்டில் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்து, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

ஆம்புலன்ஸ் மைதானத்தின் பின்வாசல் வழியாக வந்தது. அண்ணி ஏறினாள், ஓடின உடுப்போடே நர்ஸும் ஏறினாள். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்றார் ஓட்டுநர். அண்ணன் அவனைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கி ஏதோ சைகை செய்தார். போய்ட்டு வரேன் என்றதா, இரு என்றதா, தெரியவில்லை. கதவு மூடுமுன் அண்ணி கைக்குள் வைத்திருந்த கார் சாவியை நீட்டினாள். அவன் போனையும் கொடுத்தாள்.

"சந்துல நிக்குது தம்பி. எடுத்துட்டு வந்துடுங்க. எனக்குத் தனியா பயமா இருக்கு."

பல வருடப் பழக்கத்தில் அண்ணி வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அவன் கேட்டதில்லை.

தபாலாபீஸ் சந்தின் முனையில் கார் நின்றது. நான்கு ஜன்னல்களும் திறந்து கிடந்தன. இரண்டு பக்கமும் பிரேக் வைத்த டிரைவிங் ஸ்கூல் கார். முன் கண்ணாடியில் சிவப்பில் 'எல்' எழுத்து. காருக்கு முன்னால் இரும்புத் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் சாலை, சாலையில் ஒரு போலீஸ்காரர். அவன் எல்லாவற்றையும் சொன்னான். பதக்கத்தைக்கூடத் தூக்கிக் காட்டினான். போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எனக்குப் புரியுது சார். ஆனா ரோட்டுல இன்னும் ஆள் இருக்காங்களே. கடைசி ஆள் தாண்டினதும் நானே தூக்கி விடறேன்."

கடைசி ஆள் தொலைவில் தெரிந்தாள். நடுத்தர வயதுப் பெண், பருத்த உடம்பு, முழங்காலில் கட்டு. ஓடவில்லை, நடந்தாள். அதுவும் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தாள். அவளுக்குப் பின்னால், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் விளக்கை மினுக்கியபடி நடை வேகத்தில் ஊர்ந்து வந்தது. வேனிலிருந்து ஒருவர் தலையை நீட்டி அவளிடம் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு நடந்தாள்.

அவன் காரில் ஏறி என்ஜினைக் கிளப்பினான். பிரேக்கை மிதித்தபோது கெண்டைக்கால் நடுங்கியது. அணைத்தான். இறங்கினான். போனைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. அவள் அதே தூரத்திலேயே இருப்பது போலிருந்தது. ஏறிக்கொள்ளம்மா, அந்த வேனில் ஏறிக்கொள்ளேன், என்று உதட்டுக்குள் முணுமுணுத்தான். பிறகு அவனையறியாமல் தடுப்பருகில் போய் நின்று கைதட்டத் தொடங்கினான்.

"வாங்கம்மா, வாங்க! சீக்கிரம்! இன்னும் கொஞ்சம்தான்!"

காலி சாலையில் அவன் ஒருவனுடைய கைதட்டல் பெரிதாகக் கேட்டது. போலீஸ்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் தட்டினார். அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள். தனக்காக இத்தனை நேரம் ஒருவன் காத்திருந்து கைதட்டுகிறான் என்பதை நம்ப முடியாதவள் போல இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் முகம் கலங்கி, விரிந்து, கண்ணில் நீர் முட்டியது. நேரே அவனுக்கு எதிரில் வந்ததும், சாலை நடுவில் அப்படியே நின்றாள். வியர்த்த கைகள் இரண்டையும் மெல்ல உயர்த்தி, நெஞ்சுக்கு நேரே சேர்த்து அவனைக் கும்பிட்டாள். வேன் அவளுக்குப் பின்னால் நின்றது. அவள் நகரவில்லை. அவன் கைதட்டிக்கொண்டே இருந்தான்.